பங்கு போட்ட மூச்சு

கோரோ தீவு
4 மே 1998

லோசாவின் அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமைக் கப்பலில் நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. பழுப்பு இன்ஹேலர் ஒன்று, நீலம் ஒன்று, லோசாவுக்கு ஒரு பாவாடை, எனக்கு ஒன்றுமில்லை. குறை சொல்லவில்லை. பெட்டியில் இருந்ததை எழுதுகிறேன்.

போன மாதம் லோசா இரண்டு முறை நர்ஸ் அகனிசியின் கட்டிலில் படுத்தாள் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றிச் செய்தி அனுப்ப இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. படுத்தது ஒரு முறைதான். மற்றொரு முறை உட்கார்ந்திருந்தாள்.

நீ சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். அவள் அறையில் தாழம்பாய் கிடையாது. கொசுவர்த்தி கிடையாது, வலை மட்டும். அடுப்பு வெளியே போய்விட்டது. நாயும் வெளியே போய்விட்டது. அது இன்னும் என்னை மன்னிக்கவில்லை. குளிர்பான பாட்டிலின் அடியில் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, அதில் இன்ஹேலரின் வாயைப் பொருத்தியிருக்கிறேன். அழுத்தினால் மருந்து பாட்டிலுக்குள் தங்கும். அவள் மறுமுனையில் வாயை வைத்து நிதானமாக இழுப்பாள். சுவாவில் கடையில் விற்கும் குழாயைவிட இது மோசமில்லை என்று அகனிசியே சொன்னாள்.

எல்லாவற்றையும் லோசாவே செய்துகொள்கிறாள். நீலம் இழுப்பு வந்தால், பழுப்பு இழுப்பு வராமலிருக்கத் தினமும். எட்டு வயதில் அவளுக்குப் புரிந்தது எங்கள் தலைமையாசிரியருக்கு மூன்று முறை சொல்லியும் புரியவில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவர். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் அவரை உட்கார வைத்த பள்ளிக் கமிட்டித் தலைவர் எதிர்வீட்டில் இருக்கிறார். அவர் என் அண்ணன் என்று ஊர் சொல்கிறது. ஆறு வருடமாக நாற்பதடி தூரத்தில் இருந்துகொண்டு பேச்சில்லை. உனக்குத் தெரிந்த கதைதான். எழுதினால் மனம் கொஞ்சம் ஆறுகிறது.

பழுப்பு மூன்று வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. இன்னொன்று அனுப்பி வை. உன்னிடம் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவனில்லை.

அமினியாசி


ரைவாங்கா, சுவா
16 மே 1998

லோசாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் நலமாக இருப்பது தெரிகிறது.

பாவாடையின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தீர்களா? அதற்குள் உங்களுக்குப் படிக்கிற கண்ணாடி வைத்திருந்தேன். இந்நேரம் லோசா அதைப் போட்டுக்கொண்டு உங்களைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருப்பாள்.

இப்போது என் மனதை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று இழுத்தால் ஒரு பழுப்பு ஐம்பது நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று வாரம்தான் வருகிறது. அதுவும் மருந்து இவ்வளவு செலவாகியும் பிள்ளைக்கு இழுக்கிறது. நான் தைக்கிற வேலையில் துணி குறைந்தால் எங்கே போனது என்று கேட்பார்கள். நானும் கேட்கிறேன். எங்கே போகிறது? அவள் இழுப்பதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்களா, இல்லை அவள் கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கிறீர்களா?

நான் இங்கே வந்தபோது அவளைக் கூட்டிவராததற்குக் காரணம் இந்த அறையின் சுவர்தான். எவ்வளவு துடைத்தாலும் பூஞ்சை வருகிறது. தீவின் காற்று அவளுக்கு நல்லது, நீங்கள் அவளுக்கு நல்லவர் என்று நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன். அங்கேயும் இழுக்குமானால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதே மேல். சுவரை எப்படியாவது பார்த்துக்கொள்வேன்.

அதனால் சொல்கிறேன். ஆகஸ்ட் விடுமுறைக்குள் அவள் இன்னும் ஒரு தடவை நர்ஸின் கட்டிலில் படுத்தால் நான் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மிரட்டவில்லை. நானும் இரண்டு வருடமாகப் பிள்ளை இல்லாத வீட்டில்தான் தூங்குகிறேன்.

மூச்சைப் பிடித்துப் பத்து எண்ணுவதற்குப் பதில் ஆறு எண்ணிவிட்டு ஏமாற்றக்கூடாது என்று லோசாவிடம் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரியும்.

மெரெசியானா


கோரோ தீவு
1 ஜூன் 1998

லோசாவின் அம்மாவுக்கு,

கண்ணாடி பொருந்துகிறது. நன்றி. அதைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். கோபம் இரண்டு மடங்கானது. என்னைச் சந்தேகப்படுகிறாயே என்று. ஆனால் உன் கேள்வி சரியான கேள்வி. அதனால் பதிலைத் தேடினேன்.

முதலில் இன்ஹேலர் கசிகிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகு லோசாவைக் கவனித்தேன். நான் பள்ளிக்கு முன்னதாகப் போய்விடுவதால் காலை மருந்தைப் பையில் எடுத்து வந்து பள்ளியில் இழுத்துக்கொள்கிறாள். அது எனக்குத் தெரியும். நான்தான் அனுமதித்தேன். எப்படி இழுக்கிறாள் என்று மட்டும் பார்த்ததில்லை.

புதன்கிழமை இடைவேளையில் பள்ளிக்குப் பின்னால் சீமைப்பலா மரத்தடிக்குப் போனேன். பதினோரு பிள்ளைகள் வட்டமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உன் மகள். பாட்டிலில் ஒரு அழுத்து அழுத்தி, இரண்டு கையாலும் ஏந்தி, முதல் பிள்ளையிடம் நீட்டுகிறாள். அது ஒரு முறை கைதட்டி வாங்கி, இழுத்து, திருப்பிக் கொடுக்கிறது. எல்லோரும் மூன்று முறை கைதட்டுகிறார்கள். அடுத்த பிள்ளை. சபையில் யங்கோனா பானம் பரிமாறுவதில் பெரியவர்கள்கூட இவ்வளவு மரியாதை காட்டுவதில்லை. எட்டாவது ஆளாக இருந்த பயல் என்னைப் பார்த்துவிட்டு, "சார், ஒங்களுக்கும் ஒண்ணு?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏண்டி, அது ஒன் மருந்து இல்லையா? ஏன் குடுத்தே?"

"கேட்டாங்கப்பா."

"கேட்டா குடுத்துருவியா?"

"கேட்டா எப்படிப்பா இல்லேங்கிறது? நான் மட்டும் ஒத்தையா இழுத்தா 'ஒத்தத்தின்னி'ன்னு கத்துறாங்க. சாப்பாட்டுக்கு மட்டுந்தான் பங்கு, மருந்துக்குப் பங்கு இல்லேன்னு நீ சொல்லித் தரலியே."

சொல்லித் தரவில்லைதான். கேட்டவருக்கு இல்லை என்னாத கெரெகெரே வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நாம் பால் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறோம். அதற்கு விலக்கு உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆக, பழுப்பு மருந்தை ஊரே இழுத்தது. உன் மகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. நர்ஸ் அகனிசி கேட்டுவிட்டு, சிரித்து முடிக்க ஒரு பாய் வேண்டும் என்று கீழே உட்கார்ந்துவிட்டாள்.

இனி இரண்டும் என் சட்டைப் பையில். காலையும் மாலையும் என் கண்முன்னால்தான். உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும். அன்று தூங்கப் போகும்முன் லோசா சொன்னாள்: "மத்தவங்களுக்கு அது வெளையாட்டுப்பா. சலோதேக்கு இல்ல. அவளுக்கு நெசமாவே இழுக்குது. அவ ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி கேப்பா." சலோதே எதிர்வீட்டின் கடைக்குட்டி. அது அவர்கள் வீட்டுப் பாடு. அவர்கள் வாய் திறந்து நர்ஸிடம் சொல்லட்டும்.

அமினியாசி


ரைவாங்கா, சுவா
13 ஜூன் 1998

லோசாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். என் வரிசையில் உட்கார்ந்து தைக்கிற இருபது பெண்களும் இப்போது தண்ணீர் குடிக்கும்போதுகூட மூன்று முறை கைதட்டுகிறார்கள். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள். பாதி சந்தேகத்துக்கு மட்டும். மீதிப் பாதி சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கடைசியில் ஒரு நான்கு வரி எழுதினீர்களே, அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. சலோதேக்கு ஆறு வயது. நாற்காலியை அவளா பறித்தாள்? உங்கள் கோபம் நம் வீட்டுக்குள் எரிந்த அடுப்பைப் போல. நீங்கள் மூட்டுவீர்கள், நாங்கள் இருமுவோம். நான் வெளியே வந்ததற்கு அதுதான் காரணம் என்று இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன். அடுப்பை வெளியே தூக்கி வைத்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். எந்த அடுப்பை?

நர்ஸிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். எதிர்வீட்டோடு பேச வேண்டாம். நர்ஸோடு பேசலாம் அல்லவா?

இந்த முறை ஒரு பழுப்புக்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். இருப்பு இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் கிடைத்தது. நீலம் கிடைக்கவில்லை. இருப்பதைப் பார்த்துச் செலவழியுங்கள். லோசாவுக்கு என் முத்தம். ஆகஸ்டை மறக்கவில்லை.

மெரெசியானா


கோரோ தீவு
8 ஜூலை 1998

மெரெசியானாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள் என்பதற்காக எழுதவில்லை. நீ என்னிடம் கேட்டாய், அதனால்.

லோசா ஞாயிற்றுக்கிழமை நர்ஸின் கட்டிலில் படுத்தாள். இப்போது நலமாக இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவது சரியா என்று எட்டிப் பார்க்கிறாள். பயப்படாமல் மேலே படி.

நர்ஸிடம் சொல்லச் சொன்னாய். நான் சொல்லவில்லை. நாளை, நாளை என்று மூன்று வாரம் போய்விட்டது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை ஆராதனை முடியும் நேரம். கடைசி ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது லோசா பக்கத்தில் இல்லை. சட்டைப் பையில் நீலம் இல்லை. உன் மகள் ஜெபத்தின்போது என் பையிலிருந்து திருடியிருக்கிறாள். எதிர்வீட்டார் அன்று ஆராதனைக்கு வராததை அவள் கவனித்திருக்கிறாள். வெளியே ஓடினேன். சனங்கள் வீட்டுக்கு வீடு குழியடுப்பை மூட்டிவிட்டுத்தான் கோவிலுக்கு வந்திருந்தார்கள். ஊர் முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள் எதிர்வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள், வீட்டிலிருந்து எடுத்த பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு.

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டினேன். சலோதேயை மடியில் போட்டு அவள் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. அறையெல்லாம் இலை எரித்த புகை. லோசா அதற்குள் அழுத்தத் தொடங்கியிருந்தாள். "மெதுவா இழு சலோதே. நாலு மூச்சு. கை தட்ட வேணாம், இழு மட்டும்." நான் வாங்கித் தொடர்ந்தேன். பத்து முறை. பதினோராவது முறை அழுத்தியபோது வெறும் காற்றுதான் வந்தது.

சலோதேயின் அப்பா சைலோசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் வீட்டுக்கு ஓடினான். நான் திரும்பிப் பார்க்கிறேன், லோசா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோள் இரண்டும் மேலே ஏறியிருக்கிறது. அந்த நிற்பை உனக்குத் தெரியும். ஓட்டமும் புகையும். அவளுடைய நீலம் தீர்ந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

நர்ஸ் வீட்டில் கட்டில் இரண்டு, மருந்தை ஆவியாக்கும் கருவி ஒன்று. மின்சாரம் இல்லாததால் அது காலால் மிதிக்கிற பம்பில் ஓடுகிறது. அகனிசி முகமூடியை முதலில் சலோதேக்கு வைத்தாள். அவள் கொஞ்சம் தெளிந்ததும் லோசாவுக்கு. பிறகு மறுபடி சலோதே. மிதிப்பதை நிறுத்தக்கூடாது. சைலோசி மிதித்தான். அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. முழங்கால் சரியில்லை. நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்:

"மாறு."

ஆறு வருடத்தில் என்னிடம் அவன் சொன்ன முதல் சொல். நான் மாறினேன். எனக்குக் கால் ஓய்ந்தபோது நானும் அதையே சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. அகனிசிதான் இடையில், "ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டே மிதிங்க, அப்பத்தான் வேகமா போகுது" என்றாள்.

இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகக் கோபப்பட்டுக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை மதியம் சைலோசி மன்னிப்புக் கேட்கும் முறைப்படி திமிங்கலப் பல்லோடு வந்து என் வாசலில் உட்கார்ந்தான். முன்பு ஒரு தடவை கொண்டுவந்தபோது நான் வாங்க மறுத்ததும், ஊர் என்னை மனிதனாகப் பார்க்காததும் உனக்குத் தெரியும். இந்த முறை அவன் பேசினான். "அமினி, ஒன் கோபந்தான் எம் புள்ள நெஞ்சுல உக்காந்திருக்கு. இதை வாங்கிக்க. எறங்கிப் போகட்டும்."

"ஒம் புள்ள நெஞ்சுல உக்காந்திருக்கிறது ஒன் வீட்டுப் புகை. எம்மேல பழி போடாத."

"மருந்தெல்லாம் அப்பறம். நீ இதை வாங்காம எந்த மருந்து குடுத்தும் அவளுக்குக் கேக்காதுன்னு அவ அம்மா சொல்லுறா. இழுக்கவே விடமாட்டேங்கிறா."

நான் படித்தவன். வாங்கினால் பல்தான் பிள்ளையைக் குணமாக்கியது என்பார்கள். வாங்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மருந்தே போய்ச் சேராது. லோசா கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும்.

வாங்கியவன் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அவன் மறுபடி வருவான் என்று ஆறு வருடமாக ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பேச்சு. கேட்டவர்கள் சாகும்வரை மறந்திருக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டு இதைச் சொன்னேன்: "இந்தப் பல்லை நான் ஏற்றுக்கொண்டேன். இதன்மேல் சொல்கிறேன். சலோதே காலையில் இரண்டு, மாலையில் இரண்டு பழுப்பு மருந்தை இழுப்பாள். இழுப்பு இல்லாத நாளிலும் இழுப்பாள். அவள் படுக்கும் அறையில் பாயும் நாயும் இருக்காது. இலை எரியாது. அடுப்பு வெளியே போகும். மூச்சு முட்டினால் எண்ணெய் தேய்க்காமல் நர்ஸிடம் ஓடுவீர்கள்." திமிங்கலப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தையை மீற இந்தத் தீவில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? அன்று மாலையே அவர்கள் வீட்டு அடுப்பு வெளியே வந்துவிட்டது.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நாற்காலி நாற்காலிதான். அடுப்பை மட்டும் வெளியே தூக்கி வைத்திருக்கிறேன்.

வாக்கு வாக்குதான், மெரே. லோசாவின் துணிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். எந்தக் கப்பலில் வருகிறாய் என்று எழுது.

அமினியாசி

பி.கு: பழுப்பை இப்போது இரண்டு பேர் இழுக்கிறார்கள். வெளிப்படையாக. சலோதே பெயரை நர்ஸ் பட்டியலில் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அது வந்து சேரும்வரை லோசாவுடையதுதான்.


ரைவாங்கா, சுவா
20 ஜூலை 1998

அன்புள்ள அமினியாசிக்கு,

உங்கள் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்து ஒத்தத்தின்னி மாதிரி நான் மட்டுமே படித்தேன்.

அந்தப் பிள்ளையை என்ன செய்வது? கோவிலில் திருடுகிறாள். தன் மூச்சை அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். அவளைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். அவளுக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்தவருக்குக் கொடுக்கும்முன் தனக்கு ஒன்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் நர்ஸிடம் சொல்லாமல் இருந்ததற்கு உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை நேரில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததைப் பற்றியும் நேரில் சொல்கிறேன். அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

நானும் வாக்குக் கொடுத்தேன். ஆகஸ்ட் ஏழாம் தேதிக் கப்பலில் வருகிறேன். இரண்டு வாரம் விடுப்பு. லோசாவைக் கூட்டிப்போகத்தான் வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி மடித்தபடியே இருக்கட்டும். ஆனால் பெட்டியில் அடைக்க வேண்டாம், கசங்கிப்போகும்.

பழுப்பு மூன்று, நீலம் இரண்டு சேர்த்துவிட்டேன். என் வரிசைப் பெண்களும் ஆளுக்கொரு நாள் ஆஸ்பத்திரியில் எனக்காக நின்றார்கள். நான் அவர்களைக் கேட்டேன். கேட்டதும் வந்தார்கள்.

மெரே


கோரோ தீவு
3 ஆகஸ்ட் 1998

அன்புள்ள மெரே,

இந்தக் கடிதம் புறப்படும் கப்பல் உன்னை வழியில் சந்திக்கலாம். அப்படியானால் நீ இதைப் படிப்பதற்குள் இங்கே வந்திருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். சில விஷயங்களை எனக்கு எழுதத்தான் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு மாதமாக லோசாவுக்கு இழுப்பு இல்லை. நேற்று பாறைவரை நீந்திப் போய் வந்தாள். பத்து எண்ணுகிறாள், ஆறு அல்ல. நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன்.

தினமும் காலையும் மாலையும் சலோதே நாற்பதடி நடந்து நம் வீட்டுக்கு வருகிறாள். மருந்து இங்கேதான் இருக்க வேண்டும் என்று அவள் அம்மாவே சொல்லிவிட்டாள். என் கோபம் இறங்கிவிட்டதா என்று பிள்ளை தினமும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமாம். லோசா இழுக்கிறாள், பிறகு சலோதே இழுக்கிறாள். இழுத்ததும் இருவரும் வாய் கொப்பளிக்கிறார்கள். கைதட்டக்கூடாது, இது விளையாட்டல்ல என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். முதல் மூன்று நாள் அடங்கியிருந்தார்கள். நான்காம் நாள் சலோதே இழுத்து முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. என்ன என்று கேட்டேன். "இன்னும் முடியல பெரிய சார்" என்றாள். வேறு வழியில்லாமல் நான் மூன்று முறை கைதட்டினேன். அதன்பிறகு அது என் வேலையாகிவிட்டது.

நீ வரும் கப்பல் கரைக்கு வர முடியாது, வெளியே நிற்கும் என்கிறார்கள். போன புயலில் என் படகு உடைந்தது உனக்குத் தெரியாது. சொல்லவில்லை. நேற்று எதிர்வீட்டுக்குப் போய் அண்ணனிடம் அவர் படகைக் கேட்டேன். வாசலில் நின்று பத்து நிமிடம் தொண்டையைச் செருமியிருப்பேன். "என்னடா, ஒனக்கும் இழுக்குதா?" என்றார். கேட்டுவிட்டேன். கொடுத்துவிட்டார். துடுப்பு போட அவரும் வருகிறாராம். "நீ படிச்சவன், படகைக் கவுத்துருவ" என்கிறார். பொறுத்துக்கொண்டேன்.

லோசாவின் துணி மடித்தபடியே இருக்கிறது. அடைக்கவில்லை. உன் அறைச் சுவரைப் பற்றி அவளிடம் சொன்னேன், அங்கே இருக்கும் ஆஸ்பத்திரியைப் பற்றியும் சொன்னேன். நியாயமாக இரண்டையும் சொன்னேன். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அம்மாகிட்ட நீ கேட்டியாப்பா?"

கேட்கவில்லை, மெரே. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன். இரண்டு வாரம் வேண்டாம். இருந்துவிடு. இது பல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதல்ல. நீ இல்லை என்றும் சொல்லலாம். சொன்னால் மடித்த துணிகளை நானே பெட்டியில் வைத்துக் கப்பல்வரை கொண்டுவந்து ஏற்றிவிடுவேன். அதற்கும் அண்ணனிடம் படகு கேட்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கரையில் இருப்போம். இரண்டு பிள்ளைகளும் அண்ணனும் நானும், நால்வரும்.

உன்
அமினி